ஆறு காட் மைனிங் மெசின், நாலுதான் தெரிகிறது, இரவு ஏழு மணிக்கு விழுகிறது – ஒருக்கா பாருங்கோ

விசுவமடு_பொடியன் | வெள்ளி, இரவு 10.12

வணக்கம். மூன்று கிழமை இதோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போய்த்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் ஒருவர் மைனிங் மெசினை (கிராபிக்ஸ் காட்களால் கணக்குப் போட்டு கிரிப்டோ நாணயம் உழைக்கிற கொம்பியூட்டர்) கழற்றி விற்கிறார் என்று மச்சான் சொல்ல, இரண்டு மாடு விற்ற காசோடு சீட்டுக் காசையும் சேர்த்து வாங்கினேன். நெல் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பி வந்த லொறியில், பழைய மெத்தைக்குள் சுற்றிக்கொண்டு வந்த சாமான்.

ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கிராபிக்ஸ் காட் ஆறு. பி250 மைனிங் போட், ரம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 120 ஜிபி, 1200 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 10. மைனர், அதாவது மைனிங் செய்கிற புரோகிராம், ரீம்ரெட்மைனர், அவர் போட்டுத் தந்தது அப்படியே கிடக்கிறது, எதீரியம் கிளாசிக் என்ற நாணயம் எடுக்கும் என்றார். விண்டோஸை நான் இரண்டு தரம் புதிதாக அடித்துவிட்டேன், மைனர் போல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துத் திரும்பப் போட்டேன்.

பிரச்சினை இதுதான். ஆறில் நாலு காட் மட்டும் வேலை செய்கிறது, ஐந்தாவதுக்கு டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு கோட் 43 என்று பிழை வருகிறது, ஆறாவது மருந்துக்கும் இல்லை. அந்த நாலும் பகல் முழுக்க ஒழுங்காக ஓடும், இரவு ஏழு மணியானால் மெசின் அப்படியே செத்துவிடும், திரும்பப் போட்டால் கால் மணித்தியாலம் தாங்காது, ஒன்பதரைக்குப் பிறகு நல்ல பிள்ளை. அம்மா பேய் என்கிறார். இன்னொன்று, திரையில் பச்சை வரி வரியாக அக்செப்டட் என்று விழுகிறது, ஆனால் பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வருவதைப் பங்கு பிரிக்கிற இடம்) பக்கத்தில் என் வொலட் முகவரியைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே காட்டவில்லை.

எந்த டிரைவர் போடவேண்டும் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

குளக்கட்டு_கணினி | வெள்ளி, இரவு 10.40

டிரைவருக்கு முதல் பயோஸ் தம்பி, விண்டோஸ் தொடங்க முதல் வருகிற அடிப்படை செட்டிங். உள்ளே போய் ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்று ஒன்று இருக்கும், அதை எனேபிள் பண்ணுங்கள். ஒவ்வொரு காட்டும் தனக்கென்று ஒரு முகவரி இடம் கேட்கும், முதல் 4 ஜிபிக்குள் எல்லாருக்கும் இடம் காணாது, நாலு காட்டோடு நின்றுபோவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். அடுத்தது பிசிஐ வேகம், ஓட்டோவில் இருந்தால் ஜென் 1 அல்லது ஜென் 2 ஆக்குங்கள், ரைசரின் (காட்டை போட்டோடு இணைக்கிற நீட்டிப்பு) நீல வயர் ஜென் 3 வேகத்தைத் தாங்காது, மைனிங்குக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. மொனிட்டரை போட்டின் சொந்த அவுட்புட்டில் குத்துங்கள்.

பிறகு விண்டோஸில் வேர்ச்சுவல் மெமரி, அதாவது ரம்முக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம், அந்த பைல்தான் பேஜ் பைல். ஆறு எட்டு 48, ஆகவே பேஜ் பைல் 48 ஜிபிக்குக் குறையக்கூடாது, நான் எப்போதும் 60000 எம்பி வைப்பேன், உங்கள் எஸ்எஸ்டியில் அதற்கு இடம் இருக்கிறது. காட்டில் 8 ஜிபி இருக்கும்போது விண்டோஸ் ஏன் டிஸ்கில் இடம் கேட்கிறது என்று கேட்காதீர்கள், அது ஒதுக்கிவைத்தால்தான் காட் தொடங்கும், இல்லாவிட்டால் டாக் (மைனிங்குக்குக் காட் மெமரியில் ஏற்றும் பெரிய தரவு) கட்டும்போதே மைனர் சத்தமில்லாமல் மூடிவிடும்.

வவுனியா_வயர்மன் | வெள்ளி, இரவு 10.51

ரைசருக்குக் கரண்ட் எதிலிருந்து எடுத்திருக்கிறீர்?

விசுவமடு_பொடியன் | வெள்ளி, இரவு 10.58

சாட்டா பிளக்கில் அண்ணை. ரைசரோடு வந்த சின்ன வயரைத்தான் குத்தியிருக்கிறது. ஒரு வயரில் மூன்று ரைசர், மற்றதில் மூன்று.

வவுனியா_வயர்மன் | வெள்ளி, இரவு 11.03

மெசினை இப்பவே நிப்பாட்டும். நாளைக்கு அல்ல, இப்ப.

சாட்டா பிளக் ஹாட் டிஸ்க்குக்குச் செய்தது. 12 வோல்ட்டுக்கு அதில் மூன்று முனை, ஒரு முனை 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். காட் ஸ்லொட்டிலிருந்து 75 வாட் வரை கேட்கலாம். ஒரு ரைசருக்கே காணாத பிளக், நீர் ஒரே வயரில் மூன்றைத் தொங்கவிட்டிருக்கிறீர். ஆறு முனைப் பிளக் உள்ள ரைசர் என்றால் பவர் சப்ளையிலிருந்து வரும் பிசிஐ வயரை நேரே குத்தும், ஒரு வயருக்கு இரண்டு ரைசருக்கு மேல் வேண்டாம். கழற்றும்போது ஒவ்வொரு பிளக்காக மணந்து பாரும்.

சாஸ்திரி | வெள்ளி, இரவு 11.20

மணந்து பாரும் என்கிறார் 😄 வைத்தியர் மாதிரி

விசுவமடு_பொடியன் | சனி, காலை 6.35

வயர்மன் அண்ணைக்கு ஒரு கும்பிடு.

இரவே கழற்றினேன். வெள்ளைப் பிளக் ஒன்று கருப்பட்டி நிறத்தில் இருந்தது, இழுக்க வரவில்லை, குறட்டால் பிடித்து இழுக்கப் பிளாஸ்டிக் பாதி ரைசரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்கு உருகி உள்ளே செம்பு தெரிகிறது. அது ஆறாவது காட்டின் ரைசர். மணம் என்றால் மீன் மணம். அம்மா ஒரு கிழமையாக அறைக்குள் கருவாட்டு நாற்றம், பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று விளக்குமாறோடு கட்டிலுக்குக் கீழே தேடித் திரிந்தவர். பாவம் பூனை.

வவுனியா_வயர்மன் | சனி, காலை 7.10

அந்த மணம்தான். சில பிளக், சுவிச்சுகளில் உள்ள பிளாஸ்டிக் சூடேறினால் கருவாடு மாதிரித்தான் மணக்கும். வீட்டில் மீன் வாங்காத நாளில் மீன் மணந்தால் மெயின் சுவிச்சை இறக்கிப்போட்டுத் தேட வேண்டும். அறைக்கு மேலே என்ன கூரை?

விசுவமடு_பொடியன் | சனி, காலை 7.14

அஸ்பெஸ்டஸ் சீற். பக்கத்தில் உர மூட்டையும் வைக்கோலும் இருந்தது, இப்போது எடுத்துவிட்டேன்.

துணுக்காய்_டொட் | சனி, காலை 8.02

வைக்கோலா!! எனக்கு ஒருமுறை காட்டின் பின்பக்கத்தில் பல்லி ஒட்டிச் செத்து ஒரு லைன் சோர்ட் ஆனது, அதையே பெரிய கதையாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

விசுவமடு_பொடியன் | சனி, மாலை 4.45

அப்டேட். கிளிநொச்சிக்குப் போய் புது ரைசர் வாங்கி, எல்லாவற்றுக்கும் பிசிஐ வயர் கொடுத்தேன். பயோஸில் குளக்கட்டு அண்ணை சொன்னது முழுக்கச் செய்தேன், பேஜ் பைல் 60000. இப்போது ஆறும் தெரிகிறது. கோட் 43 மட்டும் அதே ஒரு காட்டில் நிற்கிறது. டிரைவரை டிடியு என்ற துடைக்கிற புரோகிராமால் சேப் மோடில் துடைத்துத் திரும்பப் போட்டும் போகவில்லை. ஸ்லொட்டை மாற்றினால் அந்தக் காட்டோடேயே போகிறது.

குளக்கட்டு_கணினி | சனி, மாலை 5.20

ஸ்லொட் மாற்றிப் பார்த்தது நல்ல வேலை, அரைவாசிப் பேர் அதைச் செய்யாமலே காட் பழுது என்று எழுதுவார்கள். காட்டோடு போகிறதென்றால் அந்தக் காட்டின் பயோஸைப் பழைய சொந்தக்காரர் மாற்றியிருக்க வேண்டும். மெமரியை வேகப்படுத்த அப்போது எல்லாரும் செய்ததுதான். ஏஎம்டி டிரைவர் கையெழுத்துச் சரியில்லாத பயோஸைக் கண்டால் 43 என்று தள்ளிவிடும். அதற்கு ‘அற்றிக்எம்டாக் பாட்சர்’ என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, ஓட்டி ரீஸ்டாட் பண்ணினால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றின ஒவ்வொரு தரமும் திரும்ப ஓட்ட வேண்டும்.

மற்ற ஐந்தும் எவ்வளவு அடிக்கிறது? 24 மெகாஹாஷ் (ஒரு செக்கனில் போடும் கணக்கு, மில்லியனில்) அளவில் நின்றால் அவை கை வைக்காத காட். அப்படியென்றால் இதையும் பழைய நிலைக்குக் கொண்டு போவதுதான் நல்லது, ஆறும் ஒரே மாதிரி இருந்தால் தலையிடி குறைவு. காட்டின் மேல் விளிம்பில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன சுவிச் இருக்கிறதா பாருங்கள், சில காட்டில் இரண்டு பயோஸ் இருக்கும்.

விசுவமடு_பொடியன் | சனி, மாலை 5.41

இருந்தது!! கரண்டை நிப்பாட்டித் தள்ளினேன், 43 போய்விட்டது. ஆறும் 24, மொத்தம் 144. பத்து வருசம் காணாத சொந்தம் வந்த மாதிரி இருக்கு.

விசுவமடு_பொடியன் | சனி, இரவு 7.22

செத்துவிட்டது. 7.08க்கு.

மாங்குளம்_அக்கா | சனி, இரவு 7.50

ஏழு மணிக்கு உங்கள் ஒழுங்கையில் வேறு என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா தம்பி? இவர்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

விசுவமடு_பொடியன் | சனி, இரவு 7.58

ஏழு மணிக்கு எல்லார் வீட்டிலும் லைட், ரிவி, மோட்டார். அரிசி மில்லும் அந்த நேரம்தான் ஓடும், அறுவடை முடிஞ்ச காலம் தானே. எங்கள் வீடு லைனின் கடைசி.

வவுனியா_வயர்மன் | சனி, இரவு 8.05

மில் ஓடுகிறது என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. நாளைக்கு ஒரு மல்ரிமீற்றர் எடுத்து, ஏசியில் வைத்து, அந்தப் பிளக் பொயின்ற்றில் மணிக்கொரு தரம் பார்த்து எழுதும். பவர் சப்ளையின் பக்கத்து லேபிளில் இன்புட் என்று போட்டிருப்பதையும் எழுதும்.

விசுவமடு_பொடியன் | ஞாயிறு, இரவு 10.05

பள்ளிக்கூட சயன்ஸ் மாஸ்டரிடம் மீற்றர் கடன் வாங்கினேன்.

பின்னேரம் 5 மணி 221. ஆறரைக்கு 203. ஏழு பத்துக்கு 176. மெசின் அதற்கு இரண்டு நிமிசம் முதல் விழுந்தது. எட்டுக்கு 181. ஒன்பது நாற்பதுக்கு 214. லேபிளில் 200 முதல் 240 வரை என்று இருக்கிறது.

அம்மாவின் பேய் 176 வோல்ட் உயரம்.

வவுனியா_வயர்மன் | ஞாயிறு, இரவு 10.30

சரி. இனி விளங்கிக்கொள்ளும். வோல்ட்டேஜ் விழுந்தால் பல்ப் மங்கும், ஆனால் கொம்பியூட்டர் பவர் சப்ளை மங்காது, தனக்குத் தேவையான வாட்டை எப்படியாவது இழுக்கப் பார்க்கும். உம்முடைய ஆறு காட்டும் சுவரில் எத்தனை வாட்? 900 அளவு வரும். 230இல் அது 4 ஆம்பியர் கூட இல்லை, 176இல் 5 ஆம்பியருக்கு மேல். நீர் குத்தியிருப்பது 5 ஆம்பியர் வட்ட முனைப் பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்சன் வயரும் என்றுதான் நினைக்கிறேன், ஆம் என்றால் அதையும் மாற்றும், 13 ஆம்பியர் பொயின்ற்றுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும், எர்த்தோடு.

சாஸ்திரி | ஞாயிறு, இரவு 10.41

ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தால் சரிதானே. 650 விஏ மலிவு.

குளக்கட்டு_கணினி | ஞாயிறு, இரவு 10.52

650 விஏ என்பது 650 வாட் இல்லை, உண்மையில் 400 வாட்டும் வராது. இந்த மெசினைக் குத்தினால் அது ஒரு பீப் அடித்துவிட்டுப் போய்ச் சேரும். யுபிஎஸ் கரண்ட் போகும்போது சேவ் பண்ணி மூடுவதற்கு, இரண்டு மணித்தியாலம் லோ வோல்ட்டேஜில் தோள் கொடுப்பதற்கு இல்லை.

வவுனியா_வயர்மன் | ஞாயிறு, இரவு 11.00

ஸ்டெபிலைசர்தான். ஆனால் டிக் டிக் என்று அடிக்கிற ரிலே வகை வேண்டாம், அது மாறுகிற அந்தக் கண் சிமிட்டலில் மெசின் விழலாம். உள்ளே மோட்டார் சுற்றுகிற சேர்வோ வகை எடும். என்னிடம் 3 கேவிஏ ஒன்று சும்மா கிடக்கிறது, செவ்வாய் புதுக்குடியிருப்பில் வேலை, வழியில் இறக்கிவிட்டுப் போகிறேன். திருப்பித் தர வேண்டும்.

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 9.15

எல்லாரும் கரண்டோடு நிற்கிறீர்கள், மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. அக்செப்டட் என்று விழுகிறது, பூலில் இல்லை என்றால் ஷெயார் (காட் செய்து முடித்து அனுப்பும் வேலை) வேறு எங்கேயோ போகிறது. மைனரைத் தொடக்குகிற பற் பைலை நோட்பேடில் திறந்து, வொலட் முகவரி என்ன என்று பாருங்கள். எல்லா முகவரியும் பூச்சியம், எக்ஸ் என்றுதான் தொடங்கும், அதைப் பார்த்து ஏமாறாமல் அதற்கடுத்த நாலு எழுத்தையும் கடைசி நாலு எழுத்தையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

விசுவமடு_பொடியன் | திங்கள், காலை 9.40

என்னுடையது இல்லை.

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 9.44

நினைத்தேன்.

விசுவமடு_பொடியன் | திங்கள், காலை 9.58

மூன்று கிழமை அண்ணை. என் கரண்டில், என் சூட்டில், என் அம்மாவின் கருவாட்டு மணத்தில் அந்த மனிசனுக்கு உழைத்துக் கொடுத்திருக்கிறேன். போன் அடித்தேன், மறந்துபோனேன் தம்பி என்று சிரிக்கிறார்.

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 10.20

அவர் உண்மையிலேயே மறந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டிலும் போனது திரும்பாது. அந்த முகவரியின் சாவி அவர் கையில், அதை மாற்றி எழுத ஒரு கந்தோரும் கிடையாது. இனி அந்தப் போல்டரையே அழியுங்கள். அவர் தந்த மைனரோடு வேறு என்ன ஒட்டிக்கொண்டு வந்ததோ தெரியாது. கிளிப்போட்டில் இருக்கும் முகவரியை நீங்கள் ஒட்டுகிற நேரம் பார்த்து மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன, அதனால்தான் ஒட்டின பிறகும் முன் நாலு, பின் நாலு பாருங்கள் என்கிறேன். விண்டோஸை மூன்றாம் தரம் அடியுங்கள், பென் டிரைவையும் சேர்த்து.

மைனரை யூரியூப் வீடியோவின் கீழே கிடக்கும் இணைப்பில் எடுக்காதீர்கள், எழுதினவருடைய கிற்ஹப் பக்கத்தில் எடுத்து, அங்கே போட்டிருக்கும் ஷா 256 எண்ணோடு (பைலின் கைரேகை மாதிரி) ஒத்துப் பாருங்கள். விண்டோஸின் டிபென்டர் நல்ல மைனரையும் வைரஸ் என்றுதான் பிடிக்கும், கெட்டதையும் வைரஸ் என்றுதான் பிடிக்கும், ஆகவே அது கத்துகிறதா இல்லையா என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது, அந்த எண் ஒன்றுதான் சாட்சி. பூல் சேர்வரில் ஆசியா என்று இருப்பதை எடுங்கள், இன்ரநெட் டொங்கிளில் ஓடுகிறீர்கள் என்றால், தூரம் கூடக்கூட ஸ்டேல் ஷெயார், அதாவது பிந்திப் போய்ச் சேர்ந்து வீணாகும் ஷெயார், கூடும். டேட்டா பெரிதாகப் போகாது.

மாங்குளம்_அக்கா | திங்கள், மதியம் 1.30

தம்பி, கோபிக்க வேண்டாம், நான் இந்த வழியால் போய் வந்தவள். 2021இல் நாலு காட் வைத்திருந்தேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும், அதையும் தாண்டி இழுத்தேன். அந்த வருசம் செப்ரெம்பர் 15ஆம் திகதி எதீரியம் மைனிங்கையே கைவிட்டது. உலகம் முழுக்க அதில் இருந்த காட் எல்லாம் ஒரே நாளில் கிளாசிக், ரேவன் என்று சின்ன நாணயங்களின் குளங்களுக்குள் பாய்ந்தது. குளம் அதே அளவு, மீன் பிடிக்கிறவர்கள் மட்டும் பல மடங்கு. உங்கள் காட் விலை குறைந்து உங்கள் கைக்கு வந்ததற்கே அதுதான் காரணம்.

கரண்ட் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மெசினை நன்றாக இறக்கி 720 வாட்டில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 17 அலகுக்கு மேல், மாதம் 518. வீட்டுப் பில் எத்தனை அலகு?

விசுவமடு_பொடியன் | திங்கள், மதியம் 1.44

போன மாதம் 74 அக்கா.

மாங்குளம்_அக்கா | திங்கள், மதியம் 2.05

அப்போ 592. வீட்டு மீற்றரில் 180க்கு மேல் போனால் கடைசிப் படி, அலகு விலை ஆகக் கூடினது. உங்கள் 592இல் 412 அலகு அந்தப் படியில் விழும். வாட்டுமைன் என்ற மைனிங் லாபக் கணக்குப் பக்கத்தில் 144 மெகாஹாஷ், 720 வாட் என்று போட்டு, அலகு விலைக்கு அந்தக் கடைசிப் படி விலையைப் போட்டுப் பாருங்கள், சராசரியைப் போட்டு மனதைத் தேற்றாதீர்கள். இன்னொன்று, வருகிற காசை எப்படிக் கையில் எடுப்பது என்றும் யோசியுங்கள். மத்திய வங்கி இதைச் செலாவணியாக ஏற்கவில்லை, யாருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று பல தரம் அறிவித்திருக்கிறது, வங்கிக் காட்டால் இதற்குப் பணம் கட்டவும் இயலாது. யாரிடமாவது ஏமாந்தால் முறையிட ஒரு இடம் இல்லை.

என் காட் இப்போது ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ ரெண்டர் பண்ணுகிறது. முகூர்த்த மாதத்தில் அதுவே உழைக்கும்.

துணுக்காய்_டொட் | திங்கள், மதியம் 2.30

அக்கா வந்து அடித்த அடியில் இந்த உரையாடலே அரை மணித்தியாலம் அமைதி

விசுவமடு_பொடியன் | அடுத்த ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் முழுக் கதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெபிலைசர் செவ்வாய் வந்தது, 13 ஆம்பியர் வயரும் அண்ணையே நின்று இழுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை, அம்மா ஒரு சாக்கு முருங்கைக்காய் ஏற்றிவிட்டார். புது விண்டோஸ், புது மைனர், என் வொலட். கரண்டைக் குறைக்க, காட்டின் கோர் வேகம் 1150 மெகாஹேர்ட்ஸ், அதற்கு 850 மில்லிவோல்ட், மெமரி வேகம் கை வைக்காமல் 2000. ஐந்து காட் அதில் நின்றது, ஒன்று மட்டும் இரண்டு மணித்தியாலத்தில் உறைந்துபோக அதற்கு 900 கொடுத்தேன். சுவரில் 910 வாட் காட்டினது 718க்கு இறங்கியது, ஹாஷ் ஒன்றும் குறையவில்லை. சூடுதான் சண்டை. மத்தியானம் சீற்றுக்குக் கீழே அறை 37, காட் 81. யன்னல் பக்கம் பெரிய பான் ஒன்றை வெளியே ஊதுகிற மாதிரித் திருப்பி வைத்த பிறகு 69. கச்சான் காற்று தூக்கிவருகிற சிவப்புப் புழுதிக்கு எதிர் யன்னலில் நுளம்பு வலை அடித்தேன், மூன்றாம் நாளே வலை செங்கல் நிறம்.

நேற்று வரை 61 மணித்தியாலம் விழாமல் ஓடியது. ஏழு மணிக்கு நானும் அம்மாவும் முன்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தோம், மில் தொடங்கின சத்தம் கேட்டது, ஸ்டெபிலைசர் உள்ளே உர்ர் என்று ஒருக்கா சுற்றியது, அவ்வளவுதான்.

பிறகு அக்கா சொன்ன மாதிரி கடைசிப் படி விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். இன்று காலை நிப்பாட்டிவிட்டேன். நாலு காட் விற்பனைக்கு, இரண்டை வைத்திருக்கப் போகிறேன், என் தம்பி பிளெண்டர் (3டி படம் செய்கிற புரோகிராம்) பழகுகிறான்.

மாங்குளம்_அக்கா | அடுத்த ஞாயிறு, இரவு 9.02

இரண்டு எனக்கு. தேர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசி, ஒரு மணித்தியாலம் லோட்டில் ஓட்டி, சூட்டோடு படம் எடுத்து அனுப்புங்கள். விலை தனியாகக் கதைப்போம். சுவிச் உள்ள காட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வவுனியா_வயர்மன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

நல்லது தம்பி. செவ்வாய் திரும்ப அந்தப் பக்கம் வருகிறேன், ஸ்டெபிலைசரை எடுத்து வையும்.

விசுவமடு_பொடியன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.16

அண்ணை, அதில் ஒரு சின்னச் சிக்கல். மத்தியானமே அம்மா அதைப் பிரிட்ஜுக்குப் பூட்டிவிட்டார். கேட்டால், மெசினுக்கு வந்த பேய் பிரிட்ஜுக்கு வராதா என்கிறார். நீங்களே வந்து கதையுங்கோ.